திரையும் உரிமையும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடைக்குப் போய் போன் வாங்கும்போது கேமரா எப்படி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், விலை என்ன என்று கேட்கிறோம். மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பிறகு இந்தப் போனில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று தீர்மானிக்கப்போவது யார்? இதை நாம் கேட்பதே இல்லை. வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பாடம், ரயில் டிக்கெட், மருத்துவரின் சீட்டு என எல்லாம் அந்தச் சின்னத் திரைக்குள் வந்துவிட்ட காலம் இது. தொழில்நுட்பம் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு திறந்த அமைப்பு, ஐபோன் மூடிய அமைப்பு என்று இரண்டு பெட்டியில் போட்டுப் பேசிப் பழகிவிட்டோம். கடந்த காலத்தைப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மூடியது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வந்திருக்கிறது. திறந்தது கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறது. இரண்டையும் அசைத்தவை போட்டி, சட்டம், மக்களின் குரல் ஆகிய மூன்றும்தான். அதனால், நல்ல கம்பெனியாகப் பார்த்துப் போன் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது.

திரும்பிப் போகும் வழி

சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு திரையிலிருந்து முந்தைய திரைக்குத் திரும்புவது. நாள் முழுக்க இதைச் செய்துகொண்டே இருக்கிறோம்.

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது அதன் முகப்பில் ஒரே ஒரு வட்டப் பொத்தான் இருந்தது. எங்கே இருந்தாலும் அதை அழுத்தினால் முகப்புத் திரைக்கு வந்துவிடலாம். 2008 அக்டோபரில் எச்டிசி தயாரித்து வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் முகப்புக்கு ஒரு பொத்தான், பின்னால் போக ஒரு பொத்தான், மெனுவுக்கு ஒரு பொத்தான் என்று வரிசையாக இருந்தன. பார்த்தவர்கள் ஐபோன் எளிமை, ஆண்ட்ராய்டு சிக்கல் என்றார்கள். ஆனால் அந்தப் பின் பொத்தான் அங்கே இருந்ததற்கு வலுவான காரணம் உண்டு.

வாட்ஸ்அப்பில் நண்பர் ஒரு முகவரி அனுப்புகிறார். தொட்டதும் வரைபடச் செயலி திறக்கிறது. ஆண்ட்ராய்டில் பின் பொத்தானை அழுத்தினால் நேராக வாட்ஸ்அப்புக்கே திரும்பலாம். அதாவது அந்தப் பொத்தான் ஒரு செயலியின் எல்லையைத் தாண்டி, நீங்கள் வந்த பாதையை நினைவில் வைத்திருக்கிறது. ஐபோனில் அப்படி இல்லை. முகப்புக்குப் போய் மறுபடி வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டியிருந்தது. 2015இல் ஐஓஎஸ் 9 வந்தபோதுதான், முந்தைய செயலியின் பெயரைத் திரையின் இடது மேல் மூலையில் சின்ன எழுத்தில் காட்டத் தொடங்கினார்கள்.

இந்த வேறுபாடு உள்கட்டமைப்பிலிருந்து வருவது. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி, "என்னிடம் ஒரு படம் இருக்கிறது, இதை அனுப்பக்கூடியவர்கள் யார்?" என்று அமைப்பிடம் கேட்கலாம். அனுப்பத் தெரிந்த எல்லாச் செயலிகளும் பட்டியலில் வந்து நிற்கும். நேற்று ஒரு மாணவர் எழுதிய செயலியும் கூகுள் எழுதிய செயலியும் அதே பட்டியலில் நிற்கும். தொடக்கத்திலிருந்தே அதன் வடிவமைப்பு இதுதான். ஐபோனில் ஒவ்வொரு செயலியையும் தனித்தனியாக அடைத்துவைத்தார்கள். ஒன்று இன்னொன்றின் பொருளைத் தொட வேண்டுமானால் ஆப்பிள் முன்கூட்டியே வகுத்த வழி வேண்டும். பகிர்வுப் பட்டியலில் பிறரின் செயலிகள் இடம்பெற 2014 வரை, ஐஓஎஸ் 8 வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற வேறுபாடுகள் தாமாகப் புரிந்துவிடும். முகப்புத் திரையில் கடிகாரத்தையும் வானிலையையும் வைக்கும் விட்ஜெட் வசதியைப் பிறர் எழுதிய செயலிகளுக்கும் ஆண்ட்ராய்டு 2009இல் திறந்துவிட்டது. ஐபோனின் முகப்புத் திரைக்கு விட்ஜெட் வந்தது 2020இல். ஆப்பிளின் சஃபாரியை விட்டுவிட்டு வேறொரு உலாவியை இயல்பு உலாவியாக வைத்துக்கொள்ளும் உரிமையும் ஐபோன்காரர்களுக்கு அந்த ஆண்டுதான் கிடைத்தது.

மூடிய அமைப்பு கொடுத்தவை

இவ்வளவு சொன்ன பிறகு, ஆப்பிள் செய்ததில் நன்மையே இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எல்லாம் ஒருவர் கையில் இருப்பதால் சில காரியங்கள் சிறப்பாக நடக்கும்.

முதலாவது, புதுப்பிப்பு. 2015இல் வெளிவந்த ஐபோன் 6எஸ், 2021இல் வந்த ஐஓஎஸ் 15ஐயும் ஏற்றுக்கொண்டது. ஆறு ஆண்டுப் பழைய போனுக்கும் புதுப் போனுக்கும் ஒரே நாளில் புதுப்பிப்பு போனது. அதே காலத்து ஆண்ட்ராய்டு போன்களில் பலவற்றுக்கு ஒன்றிரண்டு புதுப்பிப்புக்கு மேல் வரவில்லை. கூகுள் வெளியிட வேண்டும், சிப் தயாரிப்பவர் தன் பகுதியைத் திருத்த வேண்டும், போன் நிறுவனம் தன் மேற்பூச்சை அதன்மேல் பூச வேண்டும். சங்கிலியில் ஒருவர் சோம்பினாலும் பாதுகாப்புத் திருத்தம் பயனாளரிடம் வந்து சேராது. 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது சிப் சார்ந்த பகுதியைத் தனியே பிரித்துக் கூகுள் இந்தச் சிக்கலைத் தளர்த்தியது. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 போன்களுக்கு ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு தருவோம் என்ற வாக்குறுதி வந்தது 2023, 2024 ஆண்டுகளில்தான்.

இரண்டாவது, பார்வையற்றவர்களுக்கான வசதி. 2009இல் ஐபோன் 3ஜிஎஸ், திரையைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் வசதியோடு வந்தது. அதற்கு முன்பு இதற்கென்று தனி மென்பொருள் வாங்க வேண்டும். பொத்தானே இல்லாத ஒரு கண்ணாடித் தகட்டைப் பார்வையற்ற ஒருவர் எப்படிப் பயன்படுத்துவார் என்ற கேள்விக்கு ஆப்பிள் நல்ல விடை கொடுத்தது. திரையும் மென்பொருளும் ஒரே கையில் இருந்ததால் எல்லா ஐபோனிலும் அது ஒரே மாதிரி வேலை செய்தது. ஆண்ட்ராய்டிலும் டாக்பேக் என்ற வசதி அதே ஆண்டில் வந்துவிட்டது. ஆனாலும் அது போனுக்குப் போன் வேறுபட்டதால், ஒன்றில் பழகியதை இன்னொன்றில் நம்ப முடியாத நிலை நெடுநாள் இருந்தது.

நம் எழுத்து பட்ட பாடு

திறந்தது, மூடியது என்ற இந்த வேறுபாட்டை நாம் நேரடியாக அனுபவித்த இடம் ஒன்று உண்டு. அது தமிழ் எழுத்து.

'கெ' என்று எழுதும்போது கணினிக்குள் முதலில் 'க' சேமிக்கப்படும், பிறகுதான் ஒற்றைக்கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, எழுத்தின் இரு பக்கத்திலும் வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளுக்கு இந்த வேலை தெரியாது. பல போன்களில் தமிழ் எழுத்துருவே இல்லாமல் வெறும் கட்டங்கள் தெரியும். எழுத்துரு இருந்தவற்றில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அந்த நாட்களில் தமிழ் படிக்க ஒரு குறுக்குவழி வாய்மொழியாகப் பரவியிருந்தது. ஓப்பரா மினி உலாவியின் முகவரிக் கட்டத்தில் அதன் உள் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற வரிக்கு எதிரே 'ஆம்' என்று மாற்ற வேண்டும். எழுத்துகளை அந்நிறுவனத்தின் சர்வர் படமாக வரைந்து அனுப்பும். போனால் செய்ய முடியாததை எங்கோ இருக்கும் ஒரு கணினி செய்துகொடுத்தது.

ஐபோனில் நிலைமை இதற்கு நேர்மாறு. திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. எழுதத்தான் வழியில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் அப்போதே இருந்தது. ஆனால் வெளியார் விசைப்பலகையை ஆப்பிள் அனுமதிக்கவில்லை. செல்லினத்துக்குள் எழுதி, நகலெடுத்து, குறுஞ்செய்திக்குள் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். 2013இல் ஐஓஎஸ் 7 தன் சொந்தத் தமிழ் விசைப்பலகையோடு வந்தது. வெளியார் விசைப்பலகைக்கு அனுமதி 2014இல் வந்தது. ஆண்ட்ராய்டிலோ 2009 முதலே யார் வேண்டுமானாலும் விசைப்பலகை எழுதலாம். எழுத்தை ஒழுங்காகக் காட்டும் திறன் 2011இல், ஆண்ட்ராய்டு 4இல் வந்தது. அந்தத் திறனைக் கொடுத்தது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற மென்பொருள். பயர்பாக்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் நம் எழுத்தை அடுக்கிக்கொடுப்பதும் அதுதான். ஓரிடத்தில் திருத்தியது பல இடங்களில் பயன்பட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. மூடிய அமைப்பில் நம் தேவை பட்டியலில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். திறந்த அமைப்பில் நம் தேவைக்கு நாமே வேலை செய்யலாம், ஆனால் அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும்.

நல்ல வடிவமைப்பு மட்டும் போதாது

2009இல் பாம் நிறுவனம் வெப்ஓஎஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. திறந்திருக்கும் செயலிகள் சீட்டுகளைப் போல வரிசையாக நிற்கும். வேண்டாததை விரலால் மேலே தள்ளினால் மூடிவிடும். 2017இல் வந்த ஐபோன் எக்ஸிலும் 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10இலும் விரலால் இதையேதான் செய்கிறோம். வெப்ஓஎஸ்ஸை வடிவமைத்த மத்தியாஸ் துவார்த்தே பிறகு கூகுளில் சேர்ந்து ஆண்ட்ராய்டின் தோற்றத்தையே மாற்றியவர். யோசனை பிழைத்தது. வெப்ஓஎஸ் போன்கள் பிழைக்கவில்லை. அந்த அமைப்பு இன்று எல்ஜி தொலைக்காட்சிகளில் ஓடுகிறது.

மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் போனுக்கும் இதே கதிதான். ஓடுகளாக அடுக்கிய அதன் முகப்புத் திரை அழகானது, படிக்க எளிதானது. ஆனால் செயலி எழுதுகிறவர்கள் வரவில்லை. செயலி இல்லாததால் வாங்குகிறவர்கள் வரவில்லை. வாங்குகிறவர்கள் இல்லாததால் எழுதுகிறவர்கள் வரவில்லை. நோக்கியாவின் சிம்பியனும் இந்தச் சுழலில்தான் சிக்கியது. 2010 பிப்ரவரியில் அதன் மூலநிரலை முழுமையாகத் திறந்துவிட்டார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மறு ஆண்டே நோக்கியா, விண்டோஸ் போன் பக்கம் சாய்ந்தது. 2014 ஏப்ரலில் அதன் போன் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. வரி வழக்கில் மாட்டியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அது மூடப்பட்டது. அந்த ஆலையின் பேருந்துகளில் போய்வந்த பெண்களை நம்மில் பலருக்குத் தெரியும். கலிபோர்னியாவிலும் ஃபின்லாந்திலும் நடந்த போட்டியின் அடி அவர்கள் வீட்டு அடுப்படி வரை வந்தது.

திறந்த மூலம், மூடிய கடை

இனி நம் நாட்டுக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். இந்தியாவில் 100 ஸ்மார்ட்போன்களில் 90க்கும் மேல் ஆண்ட்ராய்டு போன்கள். ஆகவே கூகுள் எடுக்கும் முடிவு ஏறக்குறைய நாடு முழுமைக்கும் எடுத்த முடிவு.

ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்தது. அதை யாரும் எடுத்து மாற்றி வெளியிடலாம். சியோமியின் மியுஐ 2010இல் அப்படி எழுந்ததுதான். ஆனால் பிளே ஸ்டோர், கூகுள் மேப்ஸ், செயலிகளுக்குச் செய்தி தள்ளும் சேவை ஆகியவை அந்தத் திறந்த நிரலில் கிடையாது. அவை கூகுளின் தனிச் சொத்து. அவை இல்லாத போனை இந்தியாவிலோ ஐரோப்பாவிலோ விற்பது எவ்வளவு கடினம் என்பதை ஹுவாவே நிறுவனத்தைக் கேட்டால் சொல்லும். 2019 மே மாதம் அமெரிக்க அரசு விதித்த தடையால் கூகுள் சேவைகள் அதற்கு நின்றுபோயின. ஆண்ட்ராய்டின் திறந்த நிரல் அதன் கையில் அப்படியே இருந்தது. இருந்தும் சீனாவுக்கு வெளியே அதன் போன் விற்பனை சரிந்தது.

அந்தச் சேவைகளைக் கொடுக்கக் கூகுள் போட்ட நிபந்தனைகளைத்தான் ஐரோப்பிய ஆணையம் 2018 ஜூலையில் குற்றமாகக் கண்டது. எங்கள் தேடலையும் குரோமையும் முன்கூட்டியே நிறுவ வேண்டும், ஆண்ட்ராய்டின் மாற்று வடிவங்களில் ஓடும் போன்களை விற்கக் கூடாது என்பவை அந்த நிபந்தனைகளில் சில. அபராதம் 434 கோடி யூரோ. மேல்முறையீட்டில் அது 412.5 கோடியாகக் குறைந்தது. 2022 அக்டோபரில் நம் இந்தியப் போட்டி ஆணையமும் இதே வகைக் குற்றத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில உத்தரவுகளை நீக்கினாலும் அபராதத்தை உறுதிசெய்தது.

கடையைக் கையில் வைத்திருப்பவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை 2024 மார்ச் 1 அன்று பார்த்தோம். கட்டணத் தகராறில் சில இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. சென்னையிலிருந்து வளர்ந்த பாரத் மேட்ரிமோனியின் செயலிகளும் அவற்றில் இருந்தன. செயலிக்குள் நடக்கும் விற்பனையில் 11 முதல் 26 சதவீதம் வரை கூகுளுக்குப் போக வேண்டும் என்பதே தகராறு. அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் அவை திரும்பி வந்தன. பிளே ஸ்டோருக்கு வெளியேயிருந்தும் செயலியை இறக்கலாம் என்பது ஆண்ட்ராய்டின் சட்டப்படியான உண்மை. கடையில் பெயர் இல்லாவிட்டால் வியாபாரம் இல்லை என்பது நடைமுறை உண்மை.

அமெரிக்காவில் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிள், கூகுள் இரண்டின் செயலிக் கடைகள் மீதும் வழக்குப் போட்டது. 2021இல் ஆப்பிள் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து தப்பியது. 2023 டிசம்பரில் நடுவர் குழு கூகுளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. திறந்த அமைப்பு என்று பெயரெடுத்த நிறுவனம், போட்டிக் கடைகள் வளராதபடி செய்த ஏற்பாடுகளால் தோற்றது.

பாதுகாப்பு என்ற வாதம்

கட்டுப்பாடு வேண்டும் என்பவர்கள் சொல்லும் வலுவான வாதம் பாதுகாப்பு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. போக்குவரத்து அபராதம் என்று இன்னொன்று வருகிறது. கோப்பின் பெயர் முடியும் இடத்தில் ஏபிகே என்ற மூன்று எழுத்து இருக்கும். அது படமும் இல்லை, பத்திரிகையும் இல்லை, ஒரு செயலி. தொட்டு, கேட்கிற அனுமதியையெல்லாம் கொடுத்துவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓடிபி திருடனுக்குப் போய்விடும். வாழ்நாள் சேமிப்பை இப்படி இழந்தவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

அதற்காக எல்லோருடைய உரிமையையும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட வேண்டுமா? 2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவும் செயலியாக இருந்தாலும் அதை எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவுசெய்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்குவதாகச் சொன்னார்கள். கட்டற்ற செயலிகளைத் தொகுத்து வழங்கும் எஃப்-டிராய்டு போன்ற அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. சில மாதங்களில், விவரம் தெரிந்த பயனாளர்கள் எச்சரிக்கைகளைக் கடந்து நிறுவ வழி வைப்போம் என்று கூகுள் இறங்கிவந்தது. குரல் கொடுத்ததால் கிடைத்த வழி அது.

மறுபக்கம், ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச்சில் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், அங்குள்ள ஐபோன்களில் வேறு நிறுவனங்களின் செயலிக் கடைகளுக்கு இடம் கிடைத்தது. அதே ஐபோன், அதே மென்பொருள். ஐரோப்பாவில் உள்ளவருக்கு இருக்கும் அந்த உரிமை சென்னையில் உள்ளவருக்கு இல்லை. எல்லைக்கோட்டைப் போட்டது சட்டம்தான், பொறியியல் இல்லை.

என் நிலை இதுதான். பாதுகாப்பு இயல்பாகவே பலமாக இருக்கட்டும். எச்சரிக்கை தெளிவாக, தமிழில், படிக்கும் அளவு எழுத்தில் வரட்டும். கடைசி முடிவு போனுக்குச் சொந்தக்காரரிடம் இருக்கட்டும். வாடகை வீட்டில்தான் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். முழு விலை கொடுத்து வாங்கிய பொருளில் நாம் குடித்தனக்காரராக இருக்கத் தேவையில்லை.

நாம் கேட்க வேண்டியவை

நண்பர்களே, எந்தப் போனை வாங்கினாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதோடு வந்த செயலிகளை நீக்கிவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்ள முடியுமா? எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும்? நாளை வேறு போனுக்கு மாறினால் படங்கள், உரையாடல்கள், வாங்கிய பொருள்கள் கூடவே வருமா? மூன்றாவது கேள்விக்கு 'வரும்' என்ற பதில் கிடைக்கும்வரை, அந்த அமைப்பு திறந்தது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அரசிடமும் வங்கிகளிடமும் கேட்க வேண்டியது உண்டு. உற்பத்தி நிறுவனம் கைவிட்ட போனில் லினியேஜ்ஓஎஸ் போன்ற கட்டற்ற அமைப்பை ஏற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். ஆனால் கூகுளின் சான்று இல்லை என்று சொல்லிப் பல வங்கிச் செயலிகள் அந்தப் போனில் திறக்க மறுக்கின்றன. பொதுச் சேவை ஒன்றைப் பெற இரண்டு அமெரிக்க நிறுவனங்களில் ஒன்றின் சான்று கட்டாயம் என்ற நிலை ஒரு குடியரசுக்கு அழகில்லை. அரசின் எந்தச் சேவையும் செயலி வழியாக மட்டும் கிடைக்கக் கூடாது. சாதாரண உலாவியில், எந்தப் போனிலும், தமிழில் கிடைக்க வேண்டும்.

இங்கே இருக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆண்ட்ராய்டின் நிரல் இன்னும் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஹார்ஃப்பஸ் நிரலும் கிடைக்கிறது. எடுத்துப் படியுங்கள். பிழை கண்டால் எழுதுங்கள், திருத்தம் அனுப்புங்கள். திறந்த அமைப்பு திறந்தே இருப்பது அதில் வேலை செய்கிறவர்களாலும் அதற்காக வாதாடுகிறவர்களாலும்தான். அந்த இரண்டு கூட்டத்திலும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.